நிஷ்களானந்தரின் வாழ்நாள் சான்று

பூவனேரி சார் கருவூலத்தில் செண்பகராமன் கணக்கராக இருந்தார். ஓய்வூதியப் பிரிவு அவருடையது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவர். அந்தப் பக்கம் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், காவலர்கள், நில அளவையர்கள், அவர்களுடைய விதவைகள்.

அவருக்கு ஒரு குரு உண்டு. அந்தக் குருவுக்கு இவர் ஒருவர்தான் சீடர்.

குருவின் பழைய பெயர் குற்றாலிங்கம். அதே கருவூலத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பில்லில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புவார். செண்பகராமனுக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் அவர்தான். ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் வீட்டில் இருந்தார். பிறகு ஒரு நாள் ஆற்றங்கரை ஆசிரமத்தில் தமக்குத் தாமே கருமாதி செய்துகொண்டு, ஆற்றில் மூழ்கி எழுந்து, காவி கட்டிக்கொண்டார். நிஷ்களானந்தர் என்று பெயர் வைத்தார்கள்.

அன்றோடு அவர் பேச்சும் மாறிப்போனது. பிறந்ததிலிருந்து பேசிய திருநெல்வேலிப் பேச்சை விட்டுவிட்டுப் புத்தகத்தில் இருக்கிற மாதிரிப் பேசினார்.

ஆசிரமத்தில் அவரே கடைசியாக வந்தவர் என்பதால் அண்டா தேய்க்கிற வேலை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் செண்பகராமன் போவார். தேய்த்துக்கொண்டே சாமி பதில் சொல்வார்.

"சாமி, ஜன்னலுக்கு வர்றவங்க எல்லாரும் திட்டுதாங்க. மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

"யாரைத் திட்டுகிறார்கள்?"

"கணக்கரை."

"நீ கணக்கனா?"

"பத்து மணியிலேருந்து ஆறு மணி வரைக்கும் ஆமா சாமி."

"பிறகு?"

செண்பகராமன் யோசித்தார். "பிறகு வீட்டுல திட்டுதாங்க."

"அங்கே யாரை?"

"என்னையத்தான்."

சாமி அண்டாவைக் கவிழ்த்து வைத்தார். அன்றைய உபதேசம் அவ்வளவுதான்.

அவர் காவி கட்டிய பிறகு முதல் நேர்காணல் மாதம் வந்தது. ஓய்வூதியம் வாங்குகிறவர் ஆண்டுக்கு ஒரு முறை கருவூலத்துக்கு நேரில் வந்து, தாம் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் வாழ்நாள் சான்று. வராதவருக்குப் பணம் நின்றுவிடும். படுக்கையில் கிடப்பவர்களைக்கூடப் பிள்ளைகள் ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். குற்றாலிங்கம் வரவில்லை.

"சாமி, நேர்காணலுக்கு வரணும்."

"யார்?"

"குற்றாலிங்கம் ஐயா."

"அவன் இறந்துவிட்டான்."

"தெரியும் சாமி. ஆனா கம்ப்யூட்டர்ல இன்னும் இருக்காங்க."

"கம்ப்யூட்டரின் அறியாமைக்கு நான் என்ன செய்ய முடியும்?"

செண்பகராமனுக்கு மெய் சிலிர்த்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தைத் தமக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்ற கவலை வந்தது.

கெடு முடிந்தது. கம்ப்யூட்டர் தானாகவே குற்றாலிங்கத்தின் ஓய்வூதியத்தை நிறுத்தியது.

அதற்குப் பிறகு ஒரு நாள் ஆவுடையம்மாள் வந்தார். குற்றாலிங்கத்தின் மனைவி. அந்த ஓய்வூதியத்தில்தான் அவர் குடித்தனம் நடந்தது. ஜன்னல் மேடையில் துணிப்பையை வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"தம்பி, ரெண்டு மாசமாப் பணம் வரலியே."

"ஐயா நேர்காணலுக்கு வரலம்மா."

"ஏன் வரலையாம்?"

செண்பகராமன் தயங்கினார். "இறந்துட்டதாச் சொல்லுதாங்கம்மா."

"யாரு சொன்னா?"

"ஐயாதான்."



"சரி. அப்போ எனக்குக் குடும்ப ஓய்வூதியம் போடுங்க."

"அம்மா?"

"புருஷன் செத்தா பெஞ்சாதிக்கு உண்டுல்லா? அவுக சோத்துக்குக் கருவூல விதியத்தான் தொட்டுக்கிட்டு சாப்பிட்டாக. பரிமாறினவளுக்கும் கொஞ்சம் தெரியும்."

"அதுக்கு இறப்புச் சான்றிதழ் வேணும்மா."

"யாரு குடுப்பா?"

"பேரூராட்சியில. ஆனா அவங்க உடல் எங்கேன்னு கேப்பாங்க."

"உடலு ஆத்தங்கரையில அண்டா தேய்க்கு. பத்திக்கிட்டு வரவா?"

வரிசையில் பின்னால் நின்ற ஓய்வு பெற்ற தலைமைக் காவலர் சத்தமாகச் சிரித்துவிட்டார். செண்பகராமனுக்குச் சிரிப்பு வரவில்லை.

சிரிப்பு அடங்கியதும் ஆவுடையம்மாள் ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டு வந்தார். குரல் இறங்கியது.

"வாடகை நிக்கு தம்பி. கண்ணு ஆபரேஷனுக்கு நாள் குறிச்சுக் குடுத்திருக்காங்க. அவுக இருக்காகளா செத்தாகளா, ஏதாவது ஒண்ணைச் சீக்கிரம் முடிவு பண்ணச் சொல்லுங்க. நடுவுல நிக்கது நான்லா."

அவர் போன பிறகு செண்பகராமனால் வேறு பில்லைப் பார்க்க முடியவில்லை.

ஒரு கையெழுத்துதான். அந்தக் கையெழுத்து அவருக்கு மனப்பாடம். எத்தனை பில்களில் பார்த்திருக்கிறார். தாமே போட்டுவிட்டால் மாலைக்குள் பணம் போய்விடும். ஆனால் கள்ளக் கையெழுத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவரே குற்றாலிங்கம்தான்.

ஆதாரம் இல்லாமல் ஒரு பைசா கொடுக்காதே என்று சொன்னவரும் அவர்தான். இந்த உடல் நீ இல்லை என்று சொன்னவரும் அவர்தான். இரண்டும் மோதினால் யாரிடம் போய்க் கேட்பது என்று செண்பகராமனுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் அவரிடமே போனார்.

"சாமி, இருந்தா முழு ஓய்வூதியம். இறந்தா குடும்ப ஓய்வூதியம். நடுவுல இருந்தா ஒண்ணும் கிடையாது."

"நான் நடுவில் இல்லையே. தெளிவாக இறந்திருக்கிறேன்."

"அதுக்கு ஆதாரம் இல்லையே சாமி."

தேங்காய் நாரைப் பிடித்திருந்த கை நின்றது. ஆதாரம் இல்லை என்ற பேச்சு அவரை எப்போதுமே தொந்தரவு செய்யும்.

"நானே நேரில் வந்து எழுதித் தருகிறேன்."

"என்னன்னு?"

"குற்றாலிங்கம் இறந்துவிட்டார் என்று."

"இறந்தவரே வந்து, இறந்துட்டேன்னு எழுதிக் குடுத்தா..."

"அதைவிட நேரடிச் சாட்சி உண்டா?"



சொன்னபடி அந்த வாரமே சாமி டவுன் பஸ்ஸில் வந்து கருவூல வாசலில் இறங்கினார். அதிகாரி அன்று மாவட்டத் தலைநகரில் கூட்டத்துக்குப் போயிருந்தார். பெஞ்சில் காத்திருந்த ஓய்வூதியர்கள் சாமியைப் பார்த்ததும் பழைய பயத்தில் எழுந்து நின்றார்கள். அவர் கையமர்த்திவிட்டு அவர்களோடு உட்கார்ந்தார்.

பெஞ்சின் அந்தக் கோடியில் ஆவுடையம்மாள் இருந்தார். செண்பகராமன்தான் வரச் சொல்லியிருந்தார். காவி கட்டிய பிறகு அவர்கள் இருவரும் பார்த்துக்கொள்வது இதுதான் முதல் தடவை.

துறவிகளுக்கு எல்லாப் பெண்களும் தாய். சாமி கை கூப்பினார்.

"நலமா, தாயே?"

"இவ்வளவு பெரிய பிள்ளைய நான் எப்போப் பெத்தேன்?" என்றார் ஆவுடையம்மாள்.

பெஞ்சில் இருந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் மின்விசிறியையும் சுவரையும் பார்த்தார்கள்.

செண்பகராமன் அவசரமாகக் கைரேகைக் கருவியைக் கொண்டு வந்தார். "சாமி, எழுதவெல்லாம் வேண்டாம். பெருவிரலை மட்டும் வையுங்க. மிச்சத்தை மெஷின் பாத்துக்கிடும்."

"வைக்கிறேன். விரல் என்னுடையது அல்ல. பஞ்ச பூதங்களுடையது."

வைத்தார். கருவி சிவப்பாக மின்னியது. ரேகை பொருந்தவில்லை.

"விபூதி ஒட்டியிருக்கு சாமி," என்று ஈரத் துணியால் துடைத்து மறுபடி வைக்கச் சொன்னார் செண்பகராமன். சிவப்பு. இடது கை விரல். அதுவும் சிவப்பு.

சாமியின் முகம் மலர்ந்தது. கூட்டல் சரியாக வந்த நாட்களில் அதிகாரி நாற்காலியில் இருந்து அவர் இப்படித்தான் சிரிப்பார்.

"பார்த்தாயா செண்பகராமா? அரசாங்க இயந்திரமே சான்று தருகிறது. இந்த ஆள் அவன் இல்லை."

"வீட்டுல இருந்த காலத்துல குடிச்ச டம்ளரை நகத்தி வச்சது கிடையாது," என்றார் ஆவுடையம்மாள், யாரிடமும் இல்லாமல் பொதுவாக. "இப்போ ஊருக்கே அண்டா தேய்ச்சா விரல்ல ரேகை எங்க இருக்கும்?"

செண்பகராமன் படிவத்தை எடுத்து நீட்டினார். "மெஷின் எடுக்கலைன்னா பரவாயில்ல சாமி. ஆள் நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாப் போதும்னு விதி இருக்கு."

"அந்த விதியை எனக்கு நீ சொல்கிறாயா?"

"இல்ல சாமி."

"கையெழுத்து குற்றாலிங்கத்தினுடையது. அதை நிஷ்களானந்தன் போட்டால் அதற்கு என்ன பெயர்?"

செண்பகராமன் நீட்டிய படிவத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஆள்மாறாட்டம். உன்னை அப்படியா வளர்த்தேன்?"

அவ்வளவில் பேச்சு முடிந்தது. செண்பகராமன் படிவத்தோடு ஜன்னலுக்குள் தம் இடத்துக்குப் போனார். சாமி கால்களைப் பெஞ்சின் மேல் மடித்துப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். வரிசை நீண்டுகொண்டே போனது. தலைமைக் காவலர் இன்றும் வந்திருந்தார். அவருக்கு எந்த வேலையும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆவுடையம்மாள் எழுந்து ஜன்னலுக்கு வந்தார். முதல் முறையாக அவர் முகத்தில் களைப்புத் தெரிந்தது.

"போகட்டும் தம்பி. செத்ததாவே வச்சுக்கிடுவோம். நான் எங்கே போயி என்ன தாளு வாங்கணுமோ அலைஞ்சு வாங்கிக்கிடுதேன். எனக்கு மாசம் எவ்வளவு வரும்? அதை மட்டும் சொல்லுங்க. வீட்டுக்காரன்கிட்ட ஒரு கணக்குச் சொல்லணும்."

செண்பகராமன் கால்குலேட்டரை எடுத்தார். கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவருக்கு முன்னால் அவருடைய சாவுக் கணக்கைப் போடுவது சுலபமான காரியம் இல்லை. ஒரு தடவை தப்பாக அமுக்கி, அழித்து, திரும்பப் போட்டார்.

"கடைசியா வாங்கின சம்பளத்துல முப்பது சதவீதம்மா. அது இவ்வளவு வருது. அதோட மருத்துவப்படி. ஆக மொத்தம்..." தொகையைச் சொன்னார்.

"அவ்வளவுதானா?" என்றார் ஆவுடையம்மாள். "வாடகைக்கும் பாலுக்குமே சரியாப் போயிருமே."

"அவ்வளவுதாம்மா வரும்."

"ஏலே செண்பகம்!"

கட்டிடமே அதிர்ந்தது. கருவூலத்தில் அந்தக் குரல் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. செண்பகராமன் தம்மை அறியாமல் எழுந்து நின்றார். பின் அறையில் பேனாக்கள் நின்றன.

சாமி பெஞ்சில் இருந்து இறங்கி ஜன்னலுக்கு வந்துவிட்டார். கண்கள் சிவந்திருந்தன. துண்டு நழுவிக் கீழே கிடந்தது.

"அகவிலைப்படிய எங்கலே விட்ட?"

"சாமி..."

"சாமியாவது பூதமாவது! அடிப்படைய மட்டும் போட்டுச் சொல்லுத? குடும்ப ஓய்வூதியத்துக்கு அகவிலைப்படி கிடையாதுன்னு எந்த மூதேவிலே உனக்குச் சொல்லிக் குடுத்தான்? இத்தனை நாளு ஒன் கையில குடுத்து வச்சிருக்கேன் இந்தச் செக்ஷனை! படிச்சவன் நீ, அந்த ஆவுடை என்னத்தக் கண்டா? நீ சொன்னதுதான் கணக்குன்னு பேசாமப் போயிருவாலே! எம் பொண்டாட்டி காசுலே அது!"



சாமி பேச்சை நிறுத்திவிட்டார். நீட்டிய விரல் கால்குலேட்டருக்கு நேராக அப்படியே இருந்தது. தாம் கடைசியாகச் சொன்னது அவருக்கே இப்போதுதான் காதில் விழுந்த மாதிரி இருந்தது.

ஆவுடையம்மாள் குனிந்து துண்டை எடுத்தார். உதறி, ஜன்னல் மேடையில் அவருக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு செண்பகராமன் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்கோங்க தம்பி," என்றார். "உசுரோடதான் இருக்காக."

தலைமைக் காவலர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

செண்பகராமன் படிவத்தை நீட்டவில்லை. நீட்டுகிற தைரியம் அவருக்கு இல்லை. சாமியே கையை ஜன்னலுக்குள் விட்டு அதை எடுத்தார். மேலிருந்து கீழே முழுவதும் வாசித்தார். ஓர் இடத்தில் தேதியைத் திருத்தச் சொன்னார். திருத்தியதும் பேனாவை வாங்கி, குற்றாலிங்கம் என்று கையெழுத்துப் போட்டு, கீழே கோடு இழுத்தார்.

"ஆள்மாறாட்டம் இல்லையே சாமி?" என்று செண்பகராமன் மெதுவாகக் கேட்டார். உண்மையிலேயே அறிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"வாய மூடிக்கிட்டு முத்திரையப் போடு."

முத்திரை விழுந்தது. செண்பகராமன் அப்போதே கம்ப்யூட்டரில் ஏற்றினார். நிலுவைத் தொகையை அகவிலைப்படியோடு போட்டு, சாமி பக்கம் திரையைத் திருப்பிக் காட்டினார். சாமி உதடு அசைய ஒரு தடவை கூட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். இரண்டு மாதப் பணமும் வார முடிவுக்குள் வந்துவிடும் என்று தெரிந்ததும் ஆவுடையம்மாள் பையை எடுத்துக்கொண்டார்.

மூவரும் வாசலுக்கு வந்தார்கள். பஸ் நிறுத்தம் எதிரிலேயே இருந்தது. சாமி ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். ஆவுடையம்மாள் எதிர்த் திசையில் போக வேண்டும். வழியனுப்ப வந்த செண்பகராமன் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நடுவில் நின்றார்.

சாமி தொண்டையைச் செருமினார். புத்தகத் தமிழ் திரும்பி வந்தது. முன்பு போல் அவ்வளவு சரளமாக இல்லை.

"தாயே... ஆவுடை. ஓர் ஐயம்."

"கேளுங்க."

"நான் திருட்டுத்தனமாகப் போகவில்லை. உன்னிடம் கேட்டுக்கொண்டுதான் துறவு பூண்டேன். நீ சம்மதம் தந்தாய் அல்லவா? தரவில்லை என்றால் நான் வீட்டு வாசலைத் தாண்டியிருக்க மாட்டேன்."

"நான் எப்போச் சம்மதம் தந்தேன்?"

"அன்று காலையில். வாசற்படியில் நின்று. இதோ, செண்பகராமனும் பக்கத்தில் இருந்தான். சாட்சி கேள்."

செண்பகராமன் ஆமாம் என்று தலையசைத்தார். அவர்தான் அன்று சாமியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்.

"என்ன சொன்னேன்னு அந்தத் தம்பியவே சொல்லச் சொல்லுங்க," என்றார் ஆவுடையம்மாள்.

செண்பகராமன் இருவர் முகத்தையும் பார்த்தார். "போயிட்டு வாங்கன்னு சொன்னீங்கம்மா."



ஆவுடையம்மாள் வெயிலுக்குச் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

"அதுல பாதிதான் ஆயிருக்கு," என்றார். "மீதிக்கு ஒண்ணும் அவசரமில்ல."